தொழில் ரகசியத்துக்கு நான்கெல்லை எழுதுவது எப்படி?

காவிரிப் படுகையின் உரிமையியல் நீதிமன்றங்களில் தாக்கலாகும் வழக்குரைகளில் பெரும்பாலானவற்றின் கடைசிப் பக்கத்தில் ஒரு தபசில், அதாவது சொத்து விவரப் பட்டியல், இருக்கும். புல எண்ணும் விஸ்தீரணமும் எழுதி, இன்னாருடைய நஞ்சைக்குக் கிழக்கு, பாசன வாய்க்காலுக்கு மேற்கு, ஊர்ப் பொதுப் பாதைக்கு வடக்கு, இன்னாருடைய தென்னந்தோப்புக்குத் தெற்கு என்று நான்கெல்லை சொல்லி முடித்த பிறகுதான், அந்த எல்லைக்குள் பிரதிவாதி கால் வைக்கக்கூடாது என்று உறுத்துக் கட்டளை (நீதிமன்றத் தடையாணை) கேட்க முடியும். தொழில் ரகசியம் திருடு போய்விட்டது என்று அலுவலகப் படியேறி வருகிறவர்களிடமும் நான் முதலில் கேட்பது இந்தத் தபசிலைத்தான். கும்பகோணத்தில் சீவலும் வாசனைப் பாக்கும் போடுகிறவர், தஞ்சாவூரில் காப்பித்தூள் அரைத்து விற்கிறவர், திருபுவனத்தில் பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர் என யார் வந்தாலும் அவர்களுடைய முதல் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: "பத்து வருஷம் கூடவே வச்சிருந்தேன் சார், எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டான்." அந்த 'எல்லாம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் ஒரு வாய்தாகூட நிற்க முடியாது. எதைக் கொண்டுபோனார், அது எந்த எல்லைக்குள் கிடந்தது, அந்த எல்லைக்கு நீங்கள் வேலி போட்டிருந்தீர்களா என்ற கேள்விகளுக்கு விடையை எழுத்தில் தயாரிப்பது எப்படி என்பதை, வழக்கறிஞரைப் பார்க்கப் புறப்படும் ஒரு சிறு தொழில் முதலாளியை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

சட்டம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. காப்புரிமைக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டமும் வணிகச் சின்னத்துக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டமும் இருப்பதைப் போல, தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமோ பதிவேடோ சான்றிதழோ கிடையாது. 22ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் கொடுத்த 289ஆவது அறிக்கையில் இதற்கென ஒரு வரைவு மசோதாவைச் சேர்த்துத் தந்தது. ஆனால் வரைவை நம்பி வழக்குப் போட முடியாது. ஆகவே 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆகியவற்றோடு, நம்பிச் சொன்னதை நம்பியவருக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்ற நியாயக் கோட்பாட்டையும் சேர்த்துத்தான் வழக்கைக் கட்ட வேண்டியிருக்கிறது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம் 39ஆவது பிரிவில் சொல்லும் மூன்று அடையாளங்களை நம் நீதிமன்றங்களும் ஏறக்குறைய அப்படியே தேடுகின்றன. செய்தி அந்தத் துறையினர் பொதுவாக அறியாததாக இருக்க வேண்டும். அறியப்படாமல் இருப்பதாலேயே அதற்கு வியாபார மதிப்பு இருக்க வேண்டும். அதை மறைத்து வைக்க உரியவர் தக்க முயற்சி எடுத்திருக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் எல்லாம் போயிற்று என்றும் பொருளில்லை. மண்ணில்லாமல் தீவனப்புல் வளர்க்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றிய பிராடி வழக்கில், உதிரிப்பாகம் செய்து தருவதற்காக நம்பிக் கொடுக்கப்பட்ட வரைபடங்களை வைத்துச் சொந்தமாக இயந்திரம் செய்யக்கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1987இல் தடை விதித்தது. நம் ஊர் வார்ப்புப் பட்டறைக்கும் லேத் பட்டறைக்கும் மாதிரியைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு அது.

நான்கெல்லை

ஒரு தாளை எடுத்து, நடுவில் உங்கள் ரகசியம் என்று நீங்கள் நினைப்பதை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் உங்களுக்குச் சொந்தமில்லாததை வெட்டிக்கொண்டே வாருங்கள். கடைசியில் எஞ்சுவது முதலில் எழுதியதில் கால்பங்காக இருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் அந்தக் கால்பங்குக்குத்தான் தடை கிடைக்கும்.

ஊரறிந்த விஷயம் முதல் எல்லை. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள் என்பது அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். உருவத்தின் உறுப்பு விகிதங்களைச் சொல்லும் தால அளவுகள் சிற்ப நூல்களில் இருக்கின்றன. அந்தப் படிமங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் செய்முறையின் விவரமே பதிவு ஆவணமாகிவிட்டது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் வீணை, திருபுவனம் பட்டு என்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்களைச் செய்பவர்கள் அந்தச் சான்றிதழே தங்கள் ரகசியத்தையும் காக்கும் என்று நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. அந்தக் குறியீடு ஊருக்குப் பொதுவான பெயரைக் காப்பதற்காகச் செய்முறையை வெளிப்படையாகப் பதிவு செய்யச் சொல்கிறது. ரகசியம் தனியொருவரின் செய்முறையை வெளியே விடாமல் வைத்திருக்கச் சொல்கிறது. பதிவேட்டில் ஏறிய வரியை நாளை ரகசியம் என்று சொல்ல முடியாது.

தொழிலாளியின் கைத்திறன் அடுத்த எல்லை. பெரும்பாலான முதலாளிகள் அதிகமாகக் கோபப்படுவதும் வழக்கில் தோற்பதும் இந்த இடத்தில்தான். காப்பிக்கொட்டை வறுக்கிறவர் வெடிப்பொலியைக் காதால் கேட்டே இறக்க வேண்டிய நொடியைச் சொல்லிவிடுவார். உங்கள் கொட்டையில், உங்கள் விறகில், உங்கள் சம்பளத்தில் அவர் கற்றதாகவே இருந்தாலும் அந்தக் காது அவருடையது. ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவரைச் சட்டப்படியான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்குள் போட்டித் தொழிலில் சேரக்கூடாது என்ற கட்டுப்பாடு செல்லும் என்று 1967இல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேலையை விட்ட பிறகும் அதே கட்டுப்பாட்டை நீட்டிக்க முடியாது என்று 1980இல் சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கில் நீதிபதி ஏ. பி. சென் தம் தனித் தீர்ப்பில் சொன்னார். ஆகவே 'தஞ்சாவூர் மாவட்டத்தில் ஐந்து ஆண்டுகளுக்குக் காப்பித்தூள் தொழிலில் சேரமாட்டேன்' என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்திருப்பவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம். வழக்கு அந்தத் தாளை மட்டுமே சுற்றி எழுதப்பட்டிருந்தால், நல்ல ரகசியம் ஒன்று உள்ளே இருந்தும் வெளிவராமல் போய்விடும்.

மூன்றாவது எல்லையில் நீங்களே அச்சிட்டும் எழுதியும் கொடுத்தவை வருகின்றன. சிக்கரி கலந்த காப்பித்தூள் பொட்டலத்தின் மீது காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டியது உணவுப் பாதுகாப்பு விதி. அந்த விகிதத்தை ரகசியம் என்று சொல்லி வந்தவரிடம், மேசை மீது இருந்த அவருடைய பொட்டலத்தையே திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது. பீபரி எத்தனை பங்கு, ரோபஸ்டா எத்தனை பங்கு, எதை எந்த நிறம் வரை வறுத்து எந்தச் சூட்டில் அரைப்பது என்பவை பொட்டலத்தில் இல்லை. அவருடைய நிலம் அங்கேதான் இருந்தது. வங்கிக் கடனுக்கும் அரசு மானியத்துக்கும் கொடுத்த திட்ட அறிக்கை, காப்புரிமை விண்ணப்பம், கண்காட்சியில் விநியோகித்த துண்டறிக்கை ஆகியவற்றையும் இந்தப் பார்வையில் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

கடையில் வாங்கிச் சோதித்து யாரும் கண்டுபிடிக்கக்கூடியது நான்காவது எல்லை. உங்கள் வாசனைப் பாக்கை முறையாகக் காசு கொடுத்து வாங்கி, ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்து, அதில் ஜாதிக்காயும் கிராம்பும் பச்சைக் கற்பூரமும் இருப்பதை ஒருவர் தம் முயற்சியால் கண்டுபிடித்தால் அது திருட்டாகாது. ஆனால் கண்டுபிடித்திருக்கக்கூடும் என்பது வேறு, கண்டுபிடித்தார் என்பது வேறு. ஆறு மாதம் சோதித்து எட்ட வேண்டிய இடத்தை, உங்கள் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து ஒரே வாரத்தில் எட்டியிருந்தால், அந்த ஆறு மாத முந்துதலுக்காவது நீதிமன்றத்தில் பரிகாரம் கேட்கலாம்.

நான்கு பக்கமும் வெட்டிய பிறகு எஞ்சுவதைத் தபசிலாக எழுதும்போது, ரகசியத்தை அடையாளம் காட்ட வேண்டும், வெளியிட்டுவிடக்கூடாது. நான் பயன்படுத்தும் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'வாதியின் உற்பத்திக் கூடத்தில் மூன்றாம் நம்பர் கலவை என்று வழங்கப்படும் வாசனைக் கலவையில் சேரும் பொருள்களின் எடை விகிதம், அவற்றைச் சேர்க்கும் வரிசை, கலவை ஏற்றிய சீவலை மூடி வைக்கும் நேரம் ஆகியவை அடங்கிய, சிவப்பு அட்டை போட்ட கணக்கு நோட்டின் 3 முதல் 9 வரையான பக்கங்கள். கலவையில் சேரும் பொருள்களின் பெயர்கள் இந்தத் தபசிலில் அடங்கா.' கடைசி வாக்கியம் பலருக்கு வியப்பாக இருக்கும். பொருள்களின் பெயர்கள் கொள்முதல் பில்களில் இருக்கின்றன. மளிகை மொத்தக் கடைக்காரரும் உங்கள் கணக்காளரும் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். உங்களுடையது இல்லாத பகுதியை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டால், மிச்சப் பகுதியைப் பற்றி நீங்கள் சொல்வதை நீதிபதி நம்பத் தொடங்குகிறார்.

வேலி

வேலி என்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. செய்முறை நோட்டு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பக்க எண் இட்டு, பூட்டிய இடத்தில் வைத்து, யார் எப்போது எடுத்தார் என்பதற்கு ஒரு வரிப் பதிவு வைத்தால் போதும். எடை போட்டுக் கலக்கும் வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். பழைய பாக்குக் கடைகளில் வாசனைச் சரக்கை முதலாளி வீட்டுப் பெண்கள் மேல்மாடியில் கலந்து, குறி போட்ட பொட்டலமாகக் கீழே அனுப்பிவிடுவார்கள். கீழே இருக்கும் மாஸ்டருக்கு எந்தக் குறிப் பொட்டலத்தை எத்தனை கிலோ சீவலில் போடுவது என்பது மட்டுமே தெரியும். சட்டம் படிக்காமலே செய்த அந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த சாட்சியத்தை நான் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேரும்போது கொடுக்கும் கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் பத்துப் பக்க ஒப்பந்தத்தை எங்கிருந்தோ நகலெடுத்து, ஆங்கிலம் படிக்கத் தெரியாத மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கினால், குறுக்கு விசாரணையில் "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு யாராவது படித்துக் காட்டினார்களா?" என்ற ஒரே கேள்வியில் அது தீர்ந்துவிடும். எந்த எந்தச் செய்தியை வெளியே சொல்லக்கூடாது, வேலையை விடும்போது எவற்றைத் திருப்பித் தர வேண்டும், கைப்பேசியில் படம் எடுக்கக்கூடாது என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதினால் போதுமானது. விலகும் நாளில், திருப்பிக் கொடுத்தவற்றின் பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதியை அவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் பட்டியலுக்கு வேறு வகை வேலி தேவைப்படுகிறது. மன்னார்குடிக் கடைத்தெருவில் எந்தெந்தப் பெட்டிக்கடைகள் பாக்கு விற்கின்றன என்பதை நடந்து போய் யாரும் எழுதிக்கொள்ளலாம். எந்தக் கடைக்கு என்ன விலை, எத்தனை நாள் கடன், முகூர்த்த மாதத்தில் எத்தனை மூட்டை, சம்பா அறுவடைப் பணம் வரும் வரை யாரை நெருக்கக்கூடாது என்பவை அப்படிக் கிடைக்காது. நீதிமன்றங்களும் இதில் இரு பக்கமும் நின்றிருக்கின்றன. தொகுத்து வைத்த வாடிக்கையாளர் தரவைப் பதிப்புரிமை உள்ள படைப்பாக ஏற்று, முன்னாள் ஊழியருக்கு எதிராக 1995இல் பர்லிங்டன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அதே நீதிமன்றம் 2006இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வழக்கில், வாடிக்கையாளர் விவரத்தைக் காரணம் காட்டி ஊழியரின் வேலை மாற்றத்தைத் தடுக்க மறுத்தது. எனவே பட்டியலில் உங்கள் உழைப்பு தெரியும்படி குறிப்புகளைச் சேர்த்து வையுங்கள். இரண்டொரு இடங்களில் இல்லாத கடையின் பெயரை எழுதி, உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு கைப்பேசி எண்ணைப் போட்டு வைப்பதும் நல்ல பழக்கம். என்றைக்காவது அந்த எண்ணுக்குப் போட்டியாளரிடமிருந்து விலை சொல்லி அழைப்பு வந்தால், அவர் தெருவில் நடந்து பட்டியல் தயாரிக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கசிந்தது தெரிந்த முதல் வாரம்

முதலில் சத்தம் போடாதீர்கள். சந்தேகப்படும் ஆளைக் கூப்பிட்டுக் கடையில் வைத்து விசாரித்தால், அன்று மாலையே கைப்பேசி மாறிவிடும். வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புவதையும் யோசித்துச் செய்ய வேண்டும். அறிவிப்பு கிடைத்தவர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்படி கேவியட் (தம்மைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்ற முன்மனு) போட்டுவிட்டால், அது நடப்பில் இருக்கும் 90 நாட்களுக்கு அவருக்குத் தெரியாமல் இடைக்கால உத்தரவு வாங்க முடியாது. சான்று அழிந்துவிடும் என்ற அச்சம் உண்மையாக இருக்கும் வழக்குகளில் அறிவிப்பு இல்லாமலே நீதிமன்றம் போவது சரி. வெறும் விலைப்போட்டி என்றால் அறிவிப்பும் பேச்சும் மலிவானவை.

அவர் பயன்படுத்திய கணினியை அணைத்து ஓரமாக வைத்துவிடுங்கள். 'என்ன இருக்கு பார்ப்போம்' என்று தெரிந்த பையனைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தால் கோப்புகளின் தேதிகள் மாறிப்போகலாம். கண்காணிப்புக் கேமரா பதிவு சில நாட்களில் தானாகவே அழிந்து மேலெழுதப்படும் என்பதால், அன்றைக்கே அதன் வன்தட்டைக் கழற்றி வேறு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல், கேமரா காட்சி ஆகிய எதுவானாலும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அதன் ஒரு பகுதியைப் பதிவைத் தருகிறவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் அடையாளக் குறியான ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மதிப்பு முழுவதும் மாறிவிடும் என்பதால், நகல் எடுத்த நாளிலேயே அதைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்வது முக்கியம். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவிலும் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உறுதிப்படுத்தியதை, இன்றும் பலர் விசாரணை நாளில்தான் நினைத்துப் பார்க்கிறார்கள்.

எதிர்த் தரப்பின் சரக்கை வாங்கும்போது இரண்டு பேர் போய், பில்லோடு மூன்று பொட்டலங்கள் வாங்குங்கள். மூன்றையும் பிரிக்காமல் உறையிட்டு அரக்கு வைத்து, வாங்கிய இடமும் நேரமும் எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, மூன்றாவது எதிர்த் தரப்பு சோதிக்கக் கேட்டால் கொடுப்பதற்கு. ஆய்வக அறிக்கை இரண்டும் ஒத்திருக்கின்றன என்று மட்டுமே சொல்லும்; எப்படி ஒத்துப்போயின என்பதை உங்கள் நோட்டின் பதிவும் அவருடைய கைப்பேசியுமே சொல்ல வேண்டும்.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கணினியிலிருந்து அனுமதியின்றித் தரவு நகலெடுக்கப்பட்டிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகள் பொருந்தும். அதே சட்டத்தின்படி 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையைத் தீர்ப்பு அலுவலர் முன் வைக்கவும் வழி இருக்கிறது. மனப்பாடமாக எடுத்துப்போன செய்முறைக்குக் காவல் துறையிடம் போனால், இது உரிமையியல் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். மிரட்டுவதற்காக மட்டும் புகார் கொடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

நீதிமன்றத்தில்

தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டு இந்தப் பகுதிக்குள் போகிறேன். இனிப்பு வகை தயாரிக்கும் ஒருவருக்காக வழக்குரை எழுதியபோது, ரகசியம் இருப்பதை நிரூபிக்க வேண்டுமே என்ற ஆர்வத்தில், செய்முறை நோட்டின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து ஆவணம் 7 என்று இணைத்துவிட்டேன். ஒருதலைப்பட்ச இடைக்கால உத்தரவும் கிடைத்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39 விதி 3இன்படி மனு, பிரமாண வாக்குமூலம், வழக்குரை, ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே எதிர்த் தரப்புக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கான வாக்குமூலத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். குமாஸ்தா கட்டு முழுவதையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதோடு வந்தார். கட்டின் அலுவலகப் பிரதியைப் புரட்டிப் பார்த்த என் சீனியர், "அவன் பாதிதான் எடுத்துட்டுப் போனான்னு கட்சிக்காரர் சொல்றாரு. மிச்சப் பாதியை நீ தபால்ல அனுப்பிட்டியேப்பா" என்றார். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ரகசிய ஆவணம் அரக்கு முத்திரை இட்ட உறையில் மட்டுமே நீதிமன்றத்துக்குப் போகிறது.

அதற்கான முறை இதுதான். தபசிலில் அடையாளம் மட்டும் இருக்கும். வழக்குரையோடு ஒரு தனி இடைமனு போட்டு, மூல ஆவணத்தை உறையில் வைத்து நீதிபதியிடம் ஒப்படைக்கவும், விகிதமும் அளவும் மறைக்கப்பட்ட பிரதியை மட்டும் எதிர்த் தரப்புக்குக் கொடுக்கவும், முழு ஆவணத்தை எதிர்த் தரப்பு வழக்கறிஞரும் ஒரு நிபுணரும் உறுதிமொழி கொடுத்துவிட்டு நீதிமன்றத்திலேயே பார்க்கவும் அனுமதி கேளுங்கள். சாட்சி விசாரணையின்போது பொதுமக்களை வெளியே இருக்கச் சொல்ல உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153பி பிரிவின் வரம்புரை நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. மாவட்ட நீதிமன்றங்களில் இவற்றை அடிக்கடி கேட்பவர்கள் இல்லாததால், பிரிவைக் குறிப்பிட்டுக் காரணத்தையும் எழுதிக் கேட்க வேண்டும்.

எந்த நீதிமன்றம் என்பதில் கவனம் தேவை. வேலையாள் மீது போடும் வழக்கு பெரும்பாலும் சாதாரண உரிமையியல் வழக்காகவே நடக்கும். போட்டி நிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தமோ தொழில்நுட்ப ஒப்பந்தமோ இருந்து, மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்துவிடும். அங்கே அவசர இடைக்காலப் பரிகாரம் கேட்காத வழக்கை, முன் சமரச நடவடிக்கை முடிக்காமல் தாக்கல் செய்யவே முடியாது என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டையோ வரைபடத்தையோ எழுத்துக்கு எழுத்து நகலெடுத்திருந்தால் பதிப்புரிமையையும் சேர்த்துக் கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவு, வாதி தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட வழி செய்கிறது. மேல்முறையீட்டுக்கும் ஒரு கண் வைத்திருங்கள்: தஞ்சாவூரும் திருச்சியும் மதுரைக் கிளையின் எல்லையில் இருக்கின்றன, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து உயர் நீதிமன்றம் போக வேண்டுமானால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்.

இடைக்கால உறுத்துக் கட்டளைக்கு, வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா, தடை கொடுப்பதாலும் மறுப்பதாலும் யாருக்கு அதிகச் சிரமம், பணத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படுமா என்று பார்ப்பார்கள். இவை மூன்றையும் விட அதிகமாக வழக்கைக் கெடுப்பது தாமதம். தீபாவளிக்குத் தெரிந்த கசிவுக்குச் சித்திரையில் வந்து அவசரம் என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். கோரிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். பிரதிவாதி பாக்குத் தொழிலே செய்யக்கூடாது என்று கேட்டால் 27ஆவது பிரிவைக் காட்டி மறுப்பார்கள். தபசில் செய்தியைப் பயன்படுத்தவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது, கையில் உள்ள நகல்களை வாக்குமூலத்தோடு ஒப்படைக்க வேண்டும், அதை வைத்து ஈட்டிய லாபத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

நேரில் பார்த்து அறிக்கை தருவதற்காக நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையரின் நியமனம் இந்த வழக்குகளில் பெரிய துணை. கட்டளை 39 விதி 7இன்படி எதிர்த் தரப்பின் கூடத்தைப் பார்வையிட்டு நகலெடுக்க உத்தரவு வாங்கலாம். நம் ஊர் ஆணையர்கள் நிலத்தை அளந்து வரைபடம் போட்டுப் பழகியவர்கள். கலவைக் கூடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். தராசின் அருகே ஒட்டியிருக்கும் சீட்டு, டப்பாக்களின் மீதுள்ள குறி, கணினியில் குறிப்பிட்ட தேதிகளுக்கு இடையில் உருவான கோப்புகள், எடுத்தவற்றை அங்கேயே முத்திரையிட்டு நீதிமன்றக் காவலில் வைப்பது என்று ஒவ்வொன்றும் குறிப்பாணையில் இருக்கட்டும். ஒரு வழக்கில் போட்டியாளரின் டப்பாக்களில் என் கட்சிக்காரரின் பழைய குறிகளே, அதே பச்சை மையில் எழுதியிருந்தன. ஆணையரின் அறிக்கையில் வந்த அந்த ஒரு வரிக்குப் பிறகு எதிர்த் தரப்பு வழக்கறிஞர் வாதத்தை நீட்டவில்லை.

பங்காளிகளுக்குள்

இந்தப் பகுதியில் நான் பார்க்கும் வழக்குகளில் வேலையாள் மீதானவற்றைவிடக் கசப்பானவை அண்ணன் தம்பிக்கும், சித்தப்பன் மகனுக்கும், மைத்துனருக்கும் நடப்பவைதான். அப்பா இரண்டு மகன்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கலவையைச் சொல்லிக் கொடுத்திருந்தால், பின்னாளில் ஒருவர் மற்றவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு. இருவருக்கும் நிலம் பொது. எல்லைக் கல் நடப்படவே இல்லை.

கல் நட வேண்டிய இடம் பாகப்பிரிவினைப் பத்திரம் அல்லது கூட்டாண்மை கலைப்புப் பத்திரம். கடை, குடோன், வண்டி, பாக்கி வசூல் எல்லாம் தபசில் தபசிலாக எழுதுகிறவர்கள், கலவை யாருக்கு என்பதை எழுதுவதே இல்லை; பெயர்ப்பலகையைக்கூடச் சண்டைக்குப் பிறகுதான் நினைக்கிறார்கள். கூட்டாளிகளுக்குச் சட்டம் வேலையாட்களுக்குத் தராத ஒரு வசதியைத் தருகிறது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, விலகும் கூட்டாளி குறிப்பிட்ட காலத்துக்கோ குறிப்பிட்ட எல்லைக்குள்ளோ அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால், கட்டுப்பாடு நியாயமானதாக இருக்கும் வரை அது செல்லும். தொழிலின் நற்பெயரை விற்றவர் மீதான அளவான கட்டுப்பாட்டையும் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின் விதிவிலக்கு ஏற்கிறது. ஆகவே பிரிந்து போகிற தம்பிக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு நற்பெயருக்கும் செய்முறைக்குமானது என்று பத்திரத்தில் தனியாகக் காட்டி, எந்த ஊர்களில் எத்தனை ஆண்டு என்பதையும் எழுதி வைத்தால், பின்னர் வரும் வழக்கு பாதியாகக் குறையும். இதைப் பேச வேண்டியது பெரியவர் உயிரோடு இருக்கும்போது. கருமாதி முடிந்த பிறகு உட்கார்ந்து பேசிய எந்தக் குடும்பமும் என் அலுவலகத்தில் ஒரே தாளில் கையெழுத்திட்டதில்லை.

உத்தரவுக்குப் பிறகு

உறுத்துக் கட்டளை கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. மாதம் ஒரு முறை எதிர்த் தரப்பின் சரக்கைப் பில்லோடு வாங்கி உறையிட்டுத் தேதி எழுதி வையுங்கள். இடைக்கால உத்தரவை மீறினால் கட்டளை 39 விதி 2ஏயின்படி சொத்தை ஜப்தி செய்யவும், மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் மனுப் போடலாம். இறுதித் தீர்ப்பை மீறினால் கட்டளை 21 விதி 32 இருக்கிறது. வேலையை விட்டவர் வேறு பெயரில், மனைவியின் பெயரில் அல்லது மச்சானின் பெயரில் கடை திறப்பது இங்கே வழக்கம் என்பதால், உத்தரவு கேட்கும்போதே 'பிரதிவாதியும் அவர் சார்பில் செயல்படுகிறவர்களும்' என்ற சொற்களைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கடந்த பிறகு, நீதிமன்றத்தில் இருக்கும் உறையை மறந்துவிடாதீர்கள். கட்டளை 13 விதி 9இன்படி ஆவணத்தைத் திருப்பித் தரக் கேட்டு மனுப் போட்டு, குமாஸ்தாவை அனுப்பாமல் நீங்களே போய் வாங்குங்கள். பிரிப்பதற்கு முன் அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று அங்கேயே எழுத்தர் முன்னிலையில் பார்த்து, பக்கங்களை எண்ணி, பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு வாருங்கள்.